முத்லக் போட்ட வேலி

முத்லக் அடித்த அடியில் தைஃபல்லாவின் தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. அடித்தது சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் இரும்புக் கம்பியால். காரணம் பூ. இதைச் சொன்னால் எங்கள் ஊர் தஃபீலாவின் கடைத்தெருவில் இன்றும் சிரிக்கிறார்கள். தாடை உடைந்தவன் கூடாரத்தில் யாரும் சிரிப்பதில்லை.

முத்லக் பாஸ்பேட் சுரங்கத்தில் பதினேழு வருடம் வெடி வைத்தவன். தாமதமாக வெடித்த வெடியில் இடது கையின் இரண்டு விரல்கள் போயின. அப்போது நான் அங்கே தொழிற்சங்கத்துக்கு ஆட்களைத் திரட்டிக்கொண்டிருந்தேன். அந்த விரல்களுக்கு நியாயம் கேட்டுத்தான் எங்கள் முதல் வேலைநிறுத்தம். பத்தொன்பதாம் நாள் காலையில் கம்பெனி ஆட்கள் தடியோடு வந்தார்கள். முன்வரிசையில் நின்ற முத்லக்கின் முட்டியை உடைத்தார்கள். அவனும் சும்மா விழவில்லை. ஒருவன் காதைக் கடித்துத் துப்பிவிட்டுத்தான் விழுந்தான். அவனுக்கு வேலை போனது. எனக்கும் போனது. எனக்கு முட்டி மிச்சமிருந்தது.

நொண்டிக்கொண்டு மேட்டில் திரிந்த காலத்தில்தான் அவன் சௌசனைப் பார்க்க ஆரம்பித்தான். காட்டு ஐரிஸை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மணலில் ஒரு சாண் உயரம், கத்தி மாதிரி வளைந்த இலை, காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் ஒரே ஒரு பூ. மாசியில் மலர்ந்து பங்குனி முடிவதற்குள் போய்விடும். பிறகு கோடை முழுக்க மண்ணுக்குள் கிழங்கு செத்ததுபோல் கிடக்கும். விடியும்போதே போய்க் குந்தி உட்கார்ந்து பார்ப்பான். சாயங்காலம் பூவுக்குள் நுழைந்து தூங்கிய காட்டுத் தேனீக்கள், வெயில் பட்டு உடம்பு சூடானதும் ஒவ்வொன்றாக வெளியே வரும். கறுத்த பூ சீக்கிரம் சூடாகிவிடும், அதனால்தான் அதில் வந்து படுக்கின்றன என்று எனக்குச் சொன்னான். வேலைநிறுத்தத்தில் கூட அவன் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

சுரங்கத்து லாரிகள் அந்த மேட்டில் கழிவைக் கொட்டத் தொடங்கின. முத்லக் ஒரு கோடையில் நாற்பத்தொரு கிழங்குகளைத் தோண்டி எடுத்து, வறண்ட ஓடைக்கு இந்தப் பக்கச் சரிவில் நட்டான். சுற்றிலும் முள்ளை அடுக்கினான். ஓடையின் இரண்டு கரையும் தைஃபல்லா குலத்தின் மேய்ச்சல் நிலம். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நட்டான்.

அடுத்த வசந்தத்தில் ஆடுகள் முள்ளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயின. குளம்பு பட்டு ஏழெட்டு மொட்டுகள் நசுங்கின. முத்லக் கம்பியோடு ஓடினான். தைஃபல்லா கல்லின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா கத்துற?" என்றான். "என் கிடா பூப் பறிச்சு உன் தங்கச்சிக்குக் கொண்டுபோய்க் குடுக்கப் பாக்குது. வேற எவனும் குடுக்கலல்ல?"

அடுத்த வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. பல்தான் வந்தது.

முத்லக் நேராகப் போய்க் காவல் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டான். அதனால் உயிர் பிழைத்தான். எங்கள் வழக்கத்தில் அடிபட்ட குலத்துக்கு மூன்று நாள் ரத்தம் கொதிக்கலாம். அந்த மூன்று நாளில் செய்வதற்குக் கணக்கு வழக்கு கிடையாது. அவன் வண்டியை எரித்தார்கள். வீட்டுக் கதவை உடைத்துப் பாத்திரம்வரை நொறுக்கினார்கள். நாயைச் சுட்டார்கள். பூச்செடியை மட்டும் யாரும் தொடவில்லை. அதைப் போய் மிதிப்பது ஆம்பிளைக்கு அழகில்லை என்று நினைத்திருப்பார்கள்.

நாலாம் நாள் பெரியவர்கள் கூடினார்கள். இரண்டு குலத்திலும் சேராத ஒருவன் பிணை நிற்க வேண்டும். என்னைப் பிடித்தார்கள். 'முகம் கொடுப்பது' என்போம், பிணை நிற்பவன் தன் மானத்தையே ஈடாக வைப்பது. தைஃபல்லாவின் ஆடுகள் ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வரக்கூடாது. முத்லக் ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் போகக்கூடாது. எவன் தாண்டினாலும் அவன் அறுப்பது என் முகத்தை. அப்புறம் நான் சும்மா இருந்தால் என் குலத்தில் எனக்கு உட்கார இடம் கிடையாது. நான் சுட வேண்டியிருக்கும். அறுபது வயதில் நல்ல உத்தியோகம்.

முத்லக் எட்டு மாதம் உள்ளே இருந்தான். வெளியே அவன் தங்கை வத்ஹா, அண்ணன் பூ வாடுகிறதே என்று கோடை முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். எங்கள் ஊரில் எவரும் அதைத்தான் செய்வார்கள். ஒன்பது கிழங்குகள் அழுகின.

"தண்ணி குடுத்தா சாவுற ஜென்மத்த இப்பத்தான் பாக்குறேன்," என்றாள், அவன் வெளியே வந்ததும். "உன்ன மாதிரியே இருக்கு. நல்லது பண்ணவே முடியாது. இன்னொண்ணு கேட்டுக்கோ. எனக்காக அவன அடிச்சேன்னு ஊர்ல சொல்லாத. கம்பியத் தூக்கிக்கிட்டு ஓடின நேரத்துல என் ஞாபகமா இருந்துச்சு உனக்கு?"

முத்லக் முள்ளை எடுத்துவிட்டு இரும்புக் கம்பிவேலி போட்டான். ஆடு என்ன, முயல்கூட நுழைய முடியாது. முதல் வசந்தத்தில் முப்பத்திரண்டு செடியில் இருபது பூத்தது. அடுத்த வருடம் பதினொன்று. அதற்கடுத்த வருடம் ஐந்து. வேலிக்குள் காட்டு பார்லி முட்டியளவுக்கு மண்டி வெயிலை மறைத்தது. புல்லைப் பிடுங்கினால் பின்னிக்கொண்டிருந்த கிழங்கும் கூடவே வந்தது.

ஓடையின் இந்தக் கரையில் உட்கார்ந்து, இரவல் வாங்கிய தொலைநோக்கியை வைத்து அந்தப் பக்கம் பார்த்தான். தைஃபல்லாவின் ஆடுகள் தினமும் மேயும் சரிவு. புல் ஒட்ட வெட்டியதுபோல் இருந்தது. புழுக்கைக்கு நடுவே எண்ணினான். இருபத்துமூன்று பூ. ஆடு சௌசனைக் கடிப்பதில்லை, கசப்பு. மேலே ஏறுகிற புல்லைத்தான் தின்கிறது. தொலைநோக்கியைப் பாறையில் அடித்து உடைத்தான். நண்பனுடையது.

அன்றைக்கே என்னிடம் வந்தான்.

"அபூ சனத், ஒரு நாளைக்கு உன் முகத்தக் கழட்டி வெச்சுக்கோ."

"என் முகம் என்ன செருப்பாடா?"

"நான் ஓடையத் தாண்டணும். அவன் ஆடு வேணும்."

"எந்த ஆடு?"

"எதுக்காக அவன் தாடைய உடைச்சேனோ அந்த ஆடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. "வேற ஆடே இல்லையா நாட்டுல?"

"என் பூ நிக்கிற இடமும் அவங்க மேய்ச்சல். அவன் வாய் திறக்காம வேற எவன் தன் ஆட்ட உள்ள விடுவான்? அஞ்சுதான் இருக்கு, அபூ சனத். அடுத்த வருஷம் ஒண்ணும் இருக்காது."

நான் போய் தைஃபல்லாவிடம் பேசினேன். கோணிய தாடையோடு ஒரு பக்கமாகத்தான் மென்றான். விஷயத்தைக் கேட்டு முடித்து, ரொட்டியை விழுங்கிவிட்டுச் சொன்னான்:

"வரட்டும். கம்பியோட வரட்டும்."

என் வாழ்நாளில் எத்தனையோ பேரம் பேசியிருக்கிறேன். இது மாதிரி கேவலமான பேரம் பேசியதில்லை. தைஃபல்லா அதே கம்பியால் முத்லக்கின் தோளில் ஒரே அடி அடிக்கலாம். தலையில் கிடையாது. முட்டியில் கிடையாது, அது ஏற்கெனவே போனது. அதற்குமேல் ஒரு விரல் பட்டாலும் அது என் முகம். ஒப்புக்கொண்டான். முத்லக்கிடம் சொன்னபோது, "எந்தத் தோள்னு கேட்டியா?" என்றான். "இடதுல அடிக்கச் சொல்லு. வலதுலதான் வேலை செய்யணும்."

"நீயே கேளு. நான் என்ன தையல்காரனா, அளவெடுக்க?"

பிற்பகலில் போனோம். கூடாரத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். முத்லக் கம்பியைக் கூடாரக் கயிற்றுக்கு வெளியே போட்டுவிட்டு உட்கார்ந்தான். காப்பி வந்தது. கோப்பையைத் தொடாமல் தரையில் வைத்தான். கேட்டது கிடைக்கும்வரை விருந்தாளி குடிக்கக்கூடாது.

"என்ன வேணும்?" என்றான் தைஃபல்லா.

"உன் ஆடு. என் பூ மேல."

ஒருவன் குபீரென்று சிரித்தான். பின்னால் நாலு பேர். தைஃபல்லா எழுந்து வெளியே போய்க் கம்பியை எடுத்தான். முத்லக் பின்னாலேயே போய் நின்றான். இடது தோளைக் கொஞ்சம் முன்னால் கொடுத்தான். தைஃபல்லா அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு வலதில் அடித்தான்.

தாடை உடைந்த சத்தத்தை நான் கேட்டதில்லை. இதைக் கேட்டேன். முத்லக் மண்டிபோட்டான், வாந்தி எடுத்தான். தைஃபல்லாவின் தம்பி ஒருவன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். நான் குறுக்கே நின்றேன். "என் முகம் இங்க இருக்கு, தம்பி. நல்லாப் பாத்துக்கோ." நின்றுவிட்டான்.

முத்லக் தானாகவே எழுந்து உள்ளே வந்து உட்கார்ந்தான். ஆறிப்போன காப்பியை மூன்று விரல் கையால் எடுத்துக் குடித்தான்.

"ஆடு எப்ப வரணும்?" என்றான் தைஃபல்லா.

"மழை விழுந்ததுக்கப்புறம். மொட்டு தெரியறவரைக்கும். மொட்டு வந்ததும் ஓட்டிக்கிட்டுப் போயிரணும்."

"என் ஆட்டுக்கு நாள்காட்டி வாசிக்கத் தெரியாது."

"உனக்கும் தெரியாது. நான் கல்ல விட்டெறிஞ்சு சொல்றேன்."

கூடாரத்தில் எல்லோரும் தைஃபல்லாவைப் பார்த்தார்கள். பிறகு தைஃபல்லா சிரித்தான். சிரிக்க வலித்ததால் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வேலியை வத்ஹாதான் வெட்டிப்போட்டாள். அண்ணனுக்குத் தோள் சேர மூன்று மாதம் ஆனது. ஆடு மேய்ந்த முதல் வசந்தத்தில் எட்டுப் பூ, அடுத்ததில் பத்தொன்பது.

இதில் பேரத்தில் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் முதல் பூ மலர்ந்த மறுநாள் காலையில் தைஃபல்லா ஓடையைத் தாண்டி வருவான். பூவுக்கு முன்னால் நின்று முத்லக்கைப் பார்த்துக்கொண்டே குதிகாலால் அதைத் தேய்ப்பான். போய்விடுவான். போன மாசியில் நானும் அங்கே இருந்தேன். தைஃபல்லா காலைத் தூக்கினான்.

"பொறு," என்றான் முத்லக்.

குனிந்து, பூவின் வாய்க்குள் விரலை விட்டு, தூங்கிக்கொண்டிருந்த தேனீக்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் தட்டினான். மூன்று. அவற்றை அன்று விரிந்திருந்த பக்கத்துப் பூவில் விட்டான். பிறகு நிமிர்ந்து ஒதுங்கி நின்றான்.

"ம். மிதி."

தைஃபல்லா மிதித்தான்.