கடை இல்லாத பாதையில் பதினான்கு நாள்

காலை ஆறு ஐம்பதுக்கு ஆரணி பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறினேன். சந்தவாசல் வழியாகப் படவேடு போகிற பஸ். பெண்களுக்குக் காசு கிடையாது. சீட்டு மட்டும் கிழித்துக் கொடுப்பார்கள்.

"படவேடா? கோயிலுக்காம்மா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். கோயிலுக்கு இல்லை, காற்று வாங்கப் போகிறேன் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது?

என் இடது கண்ணில் புரை. எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத் தறி ஓடுகிறது. ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடுகிற இழை மொத்தமும், நெய்து முடிந்ததும் அடுத்த பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழையோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். அந்த வேலை என்னுடையது. ஆறு மாதமாக இழை ஒன்று இரண்டாகத் தெரிகிறது. ஆபரேஷனுக்கு இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்த அழுத்தம் நூற்றெண்பதில் நின்றது. "மாத்திரையை விடாம போடுங்க. உப்பைக் குறைங்க. தறி வீட்டை விட்டு, மரம் செடி இருக்கிற இடத்துல ரெண்டு வாரம் நடந்துட்டு வாங்க. அப்பவும் குறையலேன்னா நான் கண்ணைத் தொட மாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

எங்கள் தெருவில் மரம் ஏது? கரண்ட் கம்பம்தான் உண்டு. அப்போதுதான் மல்லிகா நினைவுக்கு வந்தாள். பத்து வருடம் எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவள். இப்போது படவேட்டுக்கு அந்தப் பக்கம், மலை அடிவாரத்தில் புருஷனோடு வாழை வைத்திருக்கிறாள்.

எட்டு மணி வாக்கில் சந்தவாசல் வந்தது. அங்கே பாதி பஸ் காலி. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் வாழை. ஜன்னலில் வந்த காற்று ஈரமாக இருந்தது. எட்டரைக்குப் படவேட்டில் இறங்கினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

முதல் நாள் சாயங்காலமே மானம் போயிற்று. மல்லிகா கொடுத்த அறையில் மூன்று ஜன்னல். விளக்கு வைத்ததும் மூன்றையும் சாத்திவிட்டேன். தறி வீட்டுப் பழக்கம் அது. காற்று அடித்தால் இழை பறந்து சிக்கும், தூசி ஒட்டும். அதனால் நாங்கள் ஜன்னலைத் திறப்பதே இல்லை.

மல்லிகா வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "இன்னாக்கா, காத்து வாங்க வந்தியா, காத்த வெளிய நிறுத்த வந்தியா?"

"பழக்கம் மல்லிகா."

"இங்க இன்னா பாவா ஓடுது? திறக்கா, ஜல்தி!"

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு நடக்கக் கிளம்பினேன். வேலை இல்லாமல் வெறும் கையோடு ஒரு பொம்பளை ரோட்டில் நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மல்லிகா வீட்டு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டேன். தோப்பு நடுவில் மண் பாதை மலையைப் பார்த்துப் போகிறது. வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"கடைக்குங்க."

"இந்தப் பக்கம் ஏது கடை? மலைதான் கீது!"

உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. வந்த வழியே திரும்பி, மெயின் ரோட்டுக் கடை வரை நடந்து, ஒரு தீப்பெட்டி வாங்கினேன். போக ஒன்றரை கிலோமீட்டர், வர ஒன்றரை. மறுநாள் வாழை இலை அறுக்கிற ஒரு அம்மா பையைப் பார்த்துவிட்டு, "கடைக்குத்தானே போற? எனக்கு வெத்தல வாங்கியாந்துடு" என்றாள். அதற்கடுத்த நாள் தண்ணீர் கட்டுகிறவர் பீடிக்கட்டு கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்படியே ஆறாம் நாள் வரை, தினமும் எனக்கென்று ஒரு தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு, கடைக்கும் தோப்புக்கும் அலைந்தேன். நான் பார்க்க வந்த மரத்தை ஒரு நாளும் நின்று பார்க்கவில்லை. கடையில் பீடி தீர்ந்துபோயிருந்தால் அவரிடம் என்ன சொல்வது என்பதே யோசனை. அழுத்தம் ஏறியிருக்குமே தவிர இறங்கியிருக்காது.

ஏழாம் நாள் மல்லிகா சமையலறை மாடத்தில் ஐந்து தீப்பெட்டியைக் கண்டாள். விஷயத்தைக் கேட்டவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"கண்ணு போவப் போவுதுன்னு வந்துட்டு, ஊருக்குப் பீடி வாங்கிக் குடுத்துகினு கீறியே! சும்மா நடக்கறேன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னாக்கா பேஜாரு?"

எட்டாம் நாள் பையை எடுக்கவில்லை. கை இரண்டையும் என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, இன்னிக்கி கடை லீவா?" என்றார் தண்ணீர் கட்டுகிறவர்.

"இல்லீங்க. சும்மா நடக்கறேன்."

"நடங்க, நடங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாத்திக்குத் தண்ணீர் திருப்பப் போய்விட்டார். அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் பாதையின் கடைசி வரை போனேன். அங்கே ஆறு. எங்கள் ஊரில் பாலத்துக்குக் கீழே மணலும் முள்ளுமாகக் கிடக்கிற அதே கமண்டல நாகநதி, இங்கே கணுக்கால் அளவு ஓடுகிறது. கரையில் நீர்மருது மரங்கள், வெள்ளை வெள்ளையான அடிமரத்தோடு. இலை ஒவ்வொன்றாக எனக்குத் தெரியவில்லை, மொத்தமும் பச்சைப் புகை மாதிரிதான். ஆனாலும் கழுத்தை நிமிர்த்தி ரொம்ப நேரம் பார்த்தேன். தறி வீட்டில் என் கண் எப்போதும் ஒரு முழத் தூரத்துக்குள்தான் இருக்கும். தூரத்தில் ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தது எப்போது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. காலைத் தண்ணீரில் விட்டதும் பின்கழுத்தில் இருந்த இறுக்கம் விட்டது. வழக்கமாக மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறவள், மறுநாள் ஐந்தரை வரை தூங்கினேன். அதற்குப் பிறகு தினமும் ஆற்றங்கரை வரை நடை, அங்கே அரை மணி, திரும்பி வந்து கேழ்வரகுக் கூழ், மாத்திரை.

பதின்மூன்றாம் நாள் ஊர் நர்ஸம்மா ரத்த அழுத்தம் பார்க்க என் கையில் பட்டையைக் கட்டினாள். மல்லிகா எனக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நூற்று நாற்பத்தாறு. "பார்த்தியா!" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

பதினான்காம் நாள் பத்து மணி பஸ்ஸில் திரும்பினேன். ஆரணி நெருங்க நெருங்க ரைஸ் மில் புகையும் விசைத்தறிச் சத்தமும் எதிரே வந்தன. இவ்வளவு நாள் இவற்றுக்கு நடுவில்தான் இருந்திருக்கிறேன் என்பதே அன்றைக்குத்தான் உறைத்தது. சொந்த ஊரைக் குறை சொல்லவில்லை. சோறு போடுவது அந்தச் சத்தம்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நூற்று ஐம்பது. டாக்டரம்மா சீட்டில் ஆபரேஷன் வியாழக்கிழமை என்று எழுதினார். "என்ன பண்ணீங்க இந்த ரெண்டு வாரம்?"

"மாத்திரை போட்டேன். நடந்தேன்." குறைத்தது மாத்திரையா மரமா என்று எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

சீட்டை வாங்கியும் நான் எழுந்திருக்கவில்லை. டாக்டரிடம் நானாக ஒரு கேள்வி கேட்டதே கிடையாது.

"கட்டு பிரிச்சி எத்தினி நாள்ல நடக்கலாம்?"

"வீட்டுக்குள்ள மறுநாளே நடக்கலாமே."

"வீட்டுக்குள்ள இல்லம்மா. வெளிய."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு மாசம் தூசி, தண்ணி படாம இருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

வெளியே வந்ததும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். மாசிக் கடைசி ஆகிவிடும். மல்லிகாவுக்குப் போன் போட்டு, மாசிக் கடைசியில் ஆற்றில் தண்ணீர் இருக்குமா என்று கேட்டேன்.

"தண்ணி கொஞ்சமாத்தான் இருக்கும். இலை உதிர்ந்து புதுசு துளிர்க்கற நேரம். அதை இதுவரைக்கும் நீ பார்த்ததே இல்லியே, வாக்கா" என்றாள்.