இறக்கை வைத்த கதவு

எந்த மூடியைத் திறந்தாலும் அவள் இடது தோளை அதற்கு அடியில் கொடுத்துவிடுவாள். துணிப்பெட்டி, தையல் மெஷின் பெட்டி, கடையில் ஐஸ்கிரீம் பெட்டி, எல்லாவற்றுக்கும் அதேதான். பக்கத்து வீட்டுக்காரி பல வருடம் அதைச் சுளுக்கு என்றே நினைத்திருந்தாள். சுளுக்கு இல்லை, கார்.

அவள் கணவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே கதவு, தரையை மோந்து பார்க்கும் மூக்கு, பின்னால் கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கும் பெரிய கதவு ஒன்று, அதன் ஓரத்தில் ஸ்பாய்லர் என்கிற அலங்கார இறக்கை. அச்சகத்தில் வேலை பார்க்கிறவருக்கு இப்படி ஒரு வண்டி எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். பின்கதவைத் தாங்க இரு பக்கமும் காஸ் அடைத்த கம்பிகள் உண்டு. தூக்கினால் கதவு நிற்கவேண்டும். நிற்காது. உட்கார்ந்தபடி தூங்குகிறவர் தலை சாய்வதுபோல் மெல்ல இறங்கிவரும்.

அவள் சன்னல் திரை தைப்பவள். தலையணை உறையில் தொடங்கி, படுக்கை விரிப்புக்குப் போய், கடைசியில் திரையில் கை நிலைத்தது. தெருவில் திரைக்காரி என்றால்தான் தெரியும். தைத்ததை வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டுவதும் அவளே. நீளமான திரைக்கம்பிகள் முன்சீட்டு வரை நீட்டிக்கொண்டு அந்தக் காரில்தான் போகும். தோள் கதவைத் தாங்க, கை மூட்டையை இழுக்கும்.

அவருடைய தங்கை கணவருக்கு அந்தக் கார்மேல் நெடுநாளாக ஒரு கண்.

"மச்சான், கதவே நிக்கமாட்டேங்குது, இன்னும் என்ன கௌரவம்? என் பக்கம் தள்ளிவிடுங்க."

"இன்னும் ஒரே ஒரு தடவை காஸ் கம்பி மாத்திப் பாக்கறேன் மாப்பிள்ளை. அதுக்கும் நிக்கலைன்னா ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கோங்க."

அவளை யாரும் கேட்கவில்லை. வாடகை வண்டிக்காரர்கள் நீளத் திரைக்கம்பியைப் பார்த்தாலே தலையை ஆட்டிவிடுவார்கள். கார் போனால் தூரத்து வீடுகளெல்லாம் போச்சு. பாதித் தொழில் அதோடு போச்சு.

அவர் வழக்கம்போல் பழைய கம்பிகளைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், "இதே மாதிரி" என்று வாங்கிவந்து மாட்டினார். மத்தியான வெயிலில் கதவு கம்பீரமாக நின்றது. மறுநாள் சனிக்கிழமை, குளிர்ந்த காலையில் இறங்கிவந்து அவர் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"சரி, விடு. நாளைக்கு மாப்பிள்ளை எடுத்துட்டுப் போகட்டும்" என்றார், கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

அவள் கதவைத் தோளில் ஏந்தியபடி அங்கேயே நின்றாள். அதன் கனம் முழுக்கப் பின் ஓரத்தில்தான் இருந்தது. இறக்கை இருந்த இடத்தில்.

"ஏங்க, இந்த இறக்கை வண்டியோட வந்ததா?"

"சேச்சே. நான் தேடிப் பிடிச்சு மாட்டினது." அந்த நேரத்திலும் அவர் குரலில் பெருமை வழிந்தது.

"கம்பி?"

"அது வண்டியோட வந்ததுக்கு அசல் ஜோடி. பழசைக் காட்டித்தானே வாங்கறேன், தப்பவே வழியில்ல."

"அதுதான் தப்பு. திரைக்கு உள்துணி வச்சுத் தச்சா கனம் கூடும், பழைய கம்பி நடுவுல தொங்கிடும். நான் கம்பியையும் சேர்த்து மாத்துவேன். நீங்க இறக்கையை ஏத்திட்டு இன்னும் பழைய கம்பியையே கேட்டுட்டிருக்கீங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடியவே இல்லை.

கடைக்கு அவளே போனாள். மாதிரி எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

"பழசு எங்கம்மா?" என்றார் கடைக்காரர்.

"பழசு வேண்டாம். பின்கதவுல இறக்கை வச்ச வண்டி. அதைத் தாங்கறது குடுங்க."

"இறக்கையா? சார் இத்தனை வருஷமா வர்றாரு, ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க கேட்டீங்களா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். மேல் தட்டிலிருந்து வேறு ஜோடி இறக்கினார். "குளிர்ல காஸ் கொஞ்சம் சோர்ந்துபோகும்மா. இது அதுக்கும் தாங்கும்."

சாயங்காலம் ஒரு மரத் திரைக்கம்பியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட்டாள். முனையிலிருந்த கிளிப்பைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் நெம்ப, பழைய கம்பி கழன்றது. தடித்த பக்கம் மேலே, மெலிந்த பக்கம் கீழே என்று புதியதை வைத்து அழுத்தினாள். டக் என்று உட்கார்ந்தது. மறுபக்கமும் முடிந்ததும் முட்டுக்கொடுத்த திரைக்கம்பியை எடுத்தாள். அவர் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் மேலே நீட்டினார்.

"கையை இறக்குங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வேண்டுமென்றே குளிர் விலகாத விடியற்காலையில் வந்தார், கழுத்தில் மப்ளர், சாவிக்கு நீட்டிய கையோடு. பின்கதவைத் தூக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. பிடித்து இழுத்தார். அசைந்தது, நின்றது.

"ரெண்டு நாள்ல தொங்கிரும் மச்சான்."

"மாட்டினது என் வீட்டுக்காரி. அவகிட்ட சொல்லுங்க மாப்பிள்ளை."

"தொங்கினா வந்து எடுத்துக்கோங்க தம்பி" என்றாள் அவள், மூட்டையை உள்ளே தள்ளியபடி. "இப்ப கொஞ்சம் வழி விடுங்க, ரெண்டு வீடு பாக்கி இருக்கு."

இப்போது கார் அவள் பெயரில் இருக்கிறது. அவர் அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வார நாட்களில் அவள் ஓட்டுகிறாள், அவர் கூடப்போய் ஏணி பிடிக்கிறார். மாப்பிள்ளை சிவப்பு நிறத்தில் வேறொரு கார் வாங்கிவிட்டார். தூரத்து வீடுகள் எதையும் அவள் விட்டுவிடவில்லை.