சுவரொட்டியும் விளமீனும்

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மீன் சதையைத் தடவிக்கொண்டே போயின. ஆவியில் வெந்த விளமீன். வெள்ளைச் சதை இதழ் இதழாகப் பிரிந்தது. ஒவ்வொரு இதழையும் விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்து, முள் தட்டுப்பட்டால் நகத்தால் கிள்ளித் தட்டின் ஓரத்தில் போட்டன அந்தக் கைகள். பெரிய முள் கண்ணுக்கே தெரியும். மயிர் மாதிரி இருக்கிற முள்ளுக்குத்தான் விரல் வேண்டும். அந்த விரல்களோ தடித்த விரல்கள். உள்ளங்கையில் கத்திப்பிடி உராய்ந்த காய்ப்பு. இடது கட்டைவிரல் நுனியில் எப்போதோ வெட்டுப்பட்டுத் தையல் போட்ட தழும்பு.

"இந்நேரத்துக்கு ஒரு முழு ஆட்டை உரிச்சுத் தொங்க விட்டிருப்பீங்க," என்றாள் அடுப்படி வாசலில் நின்ற யோகலட்சுமி. "ஒரு துண்டு மீனுக்கு இந்தப் பாடா?"

"பேசாம இரு. கை தப்பிரும்."

"எனக்கு ஒரு நாளாவது இப்படி முள்ளெடுத்துத் தந்திருக்கீங்களா? பூனை மாதிரி நானேதான் நக்கி எடுத்துக்கிடுதேன்."

சுடலைமணி சிரிக்கவில்லை. மனைவி சிரிக்க வைக்கத்தான் சொன்னாள் என்று தெரியும். ஆனாலும் இரண்டு மாதமாக அவருக்குச் சிரிப்பு வாய்வரைக்கும் வந்து திரும்பிவிடுகிறது.

கோவில்பட்டி சந்தைப் பக்கம் கறிக்கடை வைத்திருப்பவர் அவர். அப்பா கரிசல் காட்டில் ஆடு மேய்த்தவர். மகன் கத்தியைப் பிடித்தார். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. மற்றவர்கள் வெட்டுவதைப் பார்த்து, தப்பாக வெட்டி, வாங்க வந்தவர்களிடம் ஏச்சு வாங்கித் தானாகப் படிந்த கை. பல் போனவருக்கு எந்த இடம், காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு எது என்று கேட்காமலே எடுத்து வைப்பார். ஆட்டின் மண்ணீரலை இந்தப் பக்கம் சுவரொட்டி என்பார்கள். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். இரத்தம் ஊறும் என்று பிள்ளை பெற்றவளுக்குத் தாய்வீட்டிலிருந்து அதை வதக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். தங்கை இசக்கிச்செல்வியின் இரண்டு பேறுகாலத்துக்கும் அவர்தான் கொண்டுபோனார். அம்மா இல்லாத வீட்டில் தாய்வீடு என்பது அண்ணன்தானே.

அந்த வழக்கம்தான் காலை வாரிவிட்டது.

செல்வி இடைசெவலில் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறவள். உடம்பு பெருத்துப் பெருத்து, மிஷின் முன்னால் உட்கார்ந்தால் வயிறு இடிக்கிற நிலைக்கு வந்துவிட்டது. சர்க்கரை வேறு. முழங்கால் தாங்கவில்லை. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இரைப்பையை வெட்டி ஒரு வாழைக்காய் அளவுக்குக் குறைத்தார்கள். முதலில் தண்ணீரும் வடிகட்டிய சாறும், பிறகு மசித்த சாப்பாடு, அதன் பிறகு மெத்தென்று இருப்பது, கடைசியாகத்தான் கெட்டியான சாப்பாடு என்று படிப்படியாகச் சொல்லியனுப்பினார்கள். அவள் வீட்டுக்காரர் காமராஜ் அதை இம்மி பிசகாமல் பார்த்துக்கொண்டார்.

மசித்த சாப்பாட்டில் அவள் இருந்தபோதுதான், "வயித்தைக் கிழிச்சுட்டு வந்து படுத்திருக்கா, தாய்வீட்டுலருந்து ஒரு சட்டி வரலையே" என்று அவள் மாமியார் வெயிலம்மாள் தெருவில் சொன்ன பேச்சு சுடலைமணியின் காதுக்கு வந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடைக்கூட்டத்துக்கு நடுவில் நல்ல சுவரொட்டியாக ஒன்றை ஒதுக்கினார். நல்லெண்ணெயில் மிளகு போட்டு வதக்கி, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போனார்.

"வேண்டாம்ணே. இன்னும் கெட்டியா எதுவும் திங்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காவ," என்றாள் செல்வி.

"நாலே நாலு துண்டு. மருந்து மாதிரி. மச்சான் கடைக்குத்தானே போயிருக்காவ, வாரதுக்குள்ள சட்டுனு போட்டுக்கோ."

அண்ணன் கொண்டுவந்ததைத் தள்ள அவளுக்கு மனசு வரவில்லை. வாசலில் காமராஜின் வண்டிச் சத்தம் கேட்டது. மென்றும் மெல்லாமலும் விழுங்கினாள்; அண்ணன் தூக்குவாளியை மூடிப் பைக்குள் திணித்தார். சுவரொட்டி ரப்பர் மாதிரி இழுக்கும். அதை அவரைவிட யார் அறிந்தவர்? நெஞ்சுக்குள் போய் அடைத்துக்கொண்டது. எச்சில்கூட இறங்கவில்லை. நுரையாக வாயில் வடிந்தது. வண்டி பிடித்து மதுரைக்குக் கொண்டுபோய், குழாய் விட்டு எடுத்தார்கள்.

"கறித்துண்டு! இந்த நேரத்துல யார் இதைக் கொடுத்தது?" என்று டாக்டர் சத்தம் போட்டபோது சுடலைமணி கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றார். வாய் திறப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள்: "யாரும் கொடுக்கல டாக்டர். ஆசையா இருந்துச்சு. நானா வாங்கித் தின்னுட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். காமராஜ் முகத்தைப் பார்த்தார். டாக்டர் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அன்றிலிருந்து அவள் வாய்க்கட்டு இல்லாதவள். மாமியார் சொன்னாள், தெரு சொன்னது, காமராஜும் ஒருநாள் சுடலைமணி முன்னாலேயே ஏசிவிட்டார். டாக்டர் மறுபடி பார்த்து, சாப்பாடு இறங்கும் வழி சரியாக இருக்கிறது, மெத்தென்று இருப்பதைச் சாப்பிடலாம் என்று சொல்லி நாளாகிவிட்டது. அவள் மோருக்கும் சத்துமாவுக் கரைசலுக்கும் மேலே எதையும் தொடவில்லை. போன வாரம் பஸ் ஸ்டாப்பில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். இப்படியே போனால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்துவிடும், எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

சுடலைமணி அங்கே சாப்பாட்டு முறை சொல்லும் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். ஆட்டுக்கறி இப்போது வேண்டாம், நார் விடும். மீன் நல்லது, முள் இல்லாமல், வறட்சியாக இல்லாமல், காரம் எண்ணெய் இல்லாமல் என்றார் அந்த அம்மா. எப்படித் தின்ன வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டார். கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரியா என்று பார்த்துக்கொண்டார்.

முள் எடுத்து முடித்ததும் ஒரு இதழை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுந்திக் குழைந்தது. மீன் வெந்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, உப்பும் துளி மஞ்சளும் சேர்த்து மேலே விட்டார். உள்ளங்கை அளவுக் கிண்ணம். அதில் பாதிகூட இல்லை. மூடி, துணியில் கட்டினார்.

"இதைக் குடுத்துட்டா மட்டும் தின்னுருவாளா?" என்றாள் யோகலட்சுமி. இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

"மாட்டா," என்றார். "சொல்ல வேண்டியதைச் சொல்லாம குடுத்தா மாட்டா."

இடைசெவலில் வண்டியை நிறுத்தும்போதே வெயிலம்மாள் பார்த்துவிட்டாள்.

"வாப்பா சுடலை. கட்டிச் சுமந்துட்டு வந்துட்டியாக்கும். ஒன் தங்கச்சி திங்க வேண்டாங்கும்போது திம்பா, திங்கச் சொன்னா மாட்டேம்பா. அவ வாய்க்குத் தனிச் சட்டம்."

செல்வி மிஷினில் குனிந்திருந்தாள். ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைப்பவளின் ஜாக்கெட் தோளில் தொளதொளத்தது. நிமிரவில்லை.

"மச்சான் இருக்காவளா?"

காமராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார்.

சுடலைமணி உட்காரவில்லை. "அத்தை, நீங்களும் கேளுங்க. அன்னைக்கு அவ திங்க ஆசைப்படல. சுவரொட்டியை நான்தான் கொண்டாந்தேன். வேண்டாம்னு சொன்னவளை, மச்சான் வாரதுக்குள்ள போட்டுக்கோன்னு அவசரப்படுத்துனதும் நான்தான்."

மிஷின் நின்றது.

"ஆஸ்பத்திரியில என் பக்கத்துலதான நின்னீங்க?" என்றார் காமராஜ்.

"ஆமா, நின்னேன்."

"நான் அவளை என்னவெல்லாம் பேசுனேன்! அதையும் கேட்டுக்கிட்டு நின்னீங்களே?"

"கேட்டேன் மச்சான்."

காமராஜ் துண்டை உதறினார். வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார். வெயிலம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாய்வீட்டுச் சட்டியைப் பற்றித் தெருவில் தான் பேசியது நினைவு வந்ததோ என்னவோ, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "கறிக்கடைக்காரன் புத்தி கறியிலதான் நிக்கும்," என்று மட்டும் சொன்னாள். அதில் பாதி வேகம்தான் இருந்தது.

செல்வி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு மாசமாவுதுண்ணே ஒன் வாய் தொறக்க. அங்கனயும் எதுவும் அடைச்சுக்கிட்டு இருந்துச்சோ?"

சுடலைமணி புறங்கையால் கண்ணைத் துடைத்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, துணிமுடிச்சை அவிழ்த்தார்.

"தண்ணி எப்பம் குடிச்ச?"

"காலையில. அதுக்குப் பொறவு இல்ல."

"திங்கும்போதும் வேண்டாம். தின்னு அரை மணி நேரம் போவட்டும். சுண்டுவிரல் நகத்தளவு எடு. மென்னு மென்னு வாயிலேயே கூழாயிரணும், அப்புறம்தான் முழுங்கணும். நெஞ்சுல இறுக்கமாத் தெரிஞ்சா, ஒரு வாய் தின்னிருந்தாலும் வச்சிரு. நான் கோவிக்க மாட்டேன்."

"முள்ளு?"

"இருக்காது. விரல் விட்டுப் பார்த்திருக்கேன்."

"அன்னைக்கும் நாலே துண்டுன்னுதான் சொன்ன."

"சொன்னேன்."

அவள் மிஷினை விட்டு எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து பாயில் உட்கார்ந்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். காமராஜ் திரும்பியிருந்தார். அவர் உள்ளே வந்து, ஒரு சின்னக் கரண்டியை எடுத்துக் கழுவி, மனைவியின் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். சுடலைமணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எல்லாரும் இங்கனதான் இருக்கீங்க," என்றாள் செல்வி. "இன்னைக்கு யாரும் வாரதுக்குள்ள திங்க வேண்டியதில்ல."

அவள் கையை நீட்டினாள். சுடலைமணி கிண்ணத்தின் மூடியைத் திறந்து, சூடு போதுமா என்று புறங்கையால் ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.