முன்கையில் ஒட்டிய ஸ்டிக்கர்

பனியன் கம்பெனியில் அப்போது நான் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். தைத்து வரும் துணியில் பிசகு இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். சரிசெய்யக்கூடியது ஆல்டருக்குப் போகும். தேறாதது ரிஜெக்ட் பெட்டிக்குப் போகும். அடுத்த மாதம் புது லைன் ஓடப்போகிறது, டெய்லர்கள் எல்லாம் வடக்கத்திக்காரர்கள் என்று தெரிந்ததும் முதலாளியிடம் போய் நின்றேன்.

"அந்த லைனைப் பார்த்துக்கற பொறுப்பை எனக்குக் குடுங்க."

"உனக்கு இந்தி வருமாம்மா?"

"ஒரு மாசத்துல பேசிப்போடுவேனுங்க."

வாய்க்கொழுப்புதான். எனக்குத் தெரிந்தது அரைகுறை இந்தி.

எங்கள் லைனில் கான்பூர் பக்கத்துப் பெண் ஒருத்தி காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். டீ நேரத்தில் அவளோடு இந்தியில் மட்டும் பேசுவதென்று ஏற்பாடு. நான் என்ன சொன்னாலும் தலையாட்டினாள். இவ்வளவு சுலபமா என்று இரண்டு வாரம் மிதப்பில் திரிந்தேன். பிறகு, சரக்கெடுக்க வந்த டில்லி வியாபாரியிடம் பேசிப் பார்த்தேன். பாவம், சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு.

நேராக அவளிடம் போய்ச் சத்தம் போட்டேன். "தப்புன்னு ஏன் சொல்லலை?"

"நான் தப்பு சொல்றது, அக்கா கோபம். அப்புறம் என் பீஸ் எல்லாம் ஸ்டிக்கர்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஸ்டிக்கர் கட்டை அவள் கையில் வைத்து, என் முன்கையை நீட்டினேன். ஒரு தப்புக்கு ஒன்று. முதல் நாள் பயந்து பயந்து மூன்று ஒட்டினாள். அப்புறம் இரக்கமே இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்பு. செக்கிங் பெண்கள் கேலி பேசினார்கள். பிய்த்தால் ரோமமும் சேர்ந்து வந்தது. நான் விடவில்லை. ஒவ்வொன்றைப் பிய்க்கும்போதும் சரியான பேச்சைப் பத்துத் தரம் சொன்னேன்.

புது லைன் தொடங்கிய காலையில் முதலாளி பக்கத்தில் நிற்க, வந்தவர்களுக்கு வேலையை இந்தியில் விளக்கினேன். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். முடித்ததும் கான்பூர்க்காரி தன் மிஷினை விட்டு எழுந்து வந்து, எல்லார் முன்னாலும் என் கையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாள்.

முதலாளி அவளைப் பார்த்தார். "ஏம்மா, ரிஜெக்டா?"

"இல்லை, முதலாளி," என்றாள். "சின்ன ஆல்டர். பீஸ் நல்லா இருக்கு."

அவர் புது லைனின் கணக்கு நோட்டை என்னிடம் நீட்டினார். ஸ்டிக்கர் ஒட்டிய கையாலேயே வாங்கிக்கொண்டேன்.