மருந்துக்கடை முக்கில் திரும்பிய பேருந்து

என் மருமகள் நாற்பதடிப் பேருந்தை எங்கள் வீட்டு வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்றி, அடுப்பில் இருக்கும் பால் தளும்பாமல் பின்வாசல் வழியாக வெளியே ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். இதில் கொஞ்சம் கூடுதல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. வீடே இரண்டாவது மாடியில்தான் இருக்கிறது.

அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். என் மகனைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டவள். ஆள் பார்த்தால் ஒரு பிடி இருப்பாள். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் வண்டி தானாக ஓடுகிறதோ என்று வெளியே நிற்பவர்களுக்குச் சந்தேகம் வரும். அவர்கள் டிப்போவில் ஒரு பேச்சு உண்டு: "முன்சக்கரம் உன்னுது, பின்சக்கரம் ஊருது." முன்சக்கரம் நாம் சொன்ன இடத்துக்குப் போகும், திருப்பத்தில் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், அங்கே யார் நின்றாலும் அவர்கள் பாடு. அதனால் ஓட்டுநர்கள் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டுத்தான் திரும்புவார்கள். இவள் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் திரும்பும்போதும் அப்படித்தான் அகலமாக வளைவாள். ஒருமுறை என் மகனுடைய சைக்கிளை ஓட்டிப் பார்த்தாள். முக்கில் தெருவின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பினாள். அது போதாதென்று பேருந்து நிறுத்தத்தில் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினாள். நின்றிருந்த பெரியவர் ஒருவர், "இது ஸ்டேஷன் போகுமா?" என்று கேட்டாராம்.

என் மகன் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறான். போக வர சைக்கிள்தான். சைக்கிளில் ஏறினால் அவன் மனசு எங்கேயோ மேயப் போய்விடும். போன வருஷம் மருந்துக்கடை முக்கில், நிறுத்தியிருந்த காரின் கதவை எவரோ பட்டென்று திறக்க, இவன் பறந்தான். பறந்தான் என்று சொன்னால் பறவைகள் கோபித்துக்கொள்ளும். விழுந்தான், தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகும் சைக்கிளை விடவில்லை. இந்த வம்சத்துப் பிடிவாதம் அவன் அப்பா வழி வந்தது என்று மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

கொடுமை என்னவென்றால் அதே சாலைதான் மருமகளுடைய தடமும். சில நாள் காலையில் அவள் பேருந்துக்கு முன்னால் ஒரு முதுகு ஆடி ஆடிப் போகும்.

"அந்த முதுகு எனக்குத் தெரியும் அத்தை. ஹாரன் அடிச்சா திடுக்கிட்டு விழுந்துடுவார். தாண்டவும் இடம் இல்ல. என்ன பண்றது, பின்னாலேயே போவேன். பஸ்ஸுல அத்தனை பேரும், 'அந்த ஆளை ஓரமா போகச் சொல்லும்மா'ன்னு கத்துவாங்க. வீட்டுலயே சொல்லிப் பார்த்துட்டேன்னா சொல்ல முடியும்?"

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அந்த நாட்களில் வேலை முடிந்து வந்ததும் உள்ளங்கையைக் குழாய்த் தண்ணீரில் ரொம்ப நேரம் காட்டிக்கொண்டு நிற்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சாலையில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை, கார்கள் உள்ளே வராதபடி வரிசையாகக் கம்பம் நட்டு வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. ஊர் இரண்டாகப் பிளந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் பொதுக்கூட்டம். கடைக்காரர்களும் பேருந்து ஓட்டுநர்களும் ஒரு பக்கம், சைக்கிள்காரர்கள் மறுபக்கம். என் மருமகள் இந்தப் பக்கம், என் மகன் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம். நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ராத்திரி சோறு கிடைக்காது என்பதால் கதவோரமாக நின்றேன்.

"சிவப்பு விளக்கைப் பார்த்தா கண்ணை மூடிக்கிற கூட்டத்துக்குத் தனிப்பாதை ஒரு கேடா?" என்று ஆரம்பித்தார் மருந்துக்கடைக்காரர்.

"நீங்க கடை முன்னால போட்டிருக்கிற மூணு அடுக்கு காரை எடுங்க, எங்களுக்குப் பாதையே வேணாம்" என்றாள் சைக்கிள் கட்சித் தலைவி. கணக்கு டீச்சர். கூட்டத்திலும் தலைக்கவசத்தைக் கழற்றாதவள்.

ஓட்டுநர் சங்கத் தலைவர் எழுந்தார். "பாதை வரட்டும், வேணாங்கல. மருந்துக்கடை முக்குல கம்பம் நட்டா பஸ் திரும்பாது. அதுதான் விஷயம்."

"வரைபடத்துல திரும்புதுங்க" என்றார் பாதைக்குப் படம் போட்ட இன்ஜினியர்.

"உங்க படத்துல இருக்கிற பஸ்ஸுக்குப் பின்பக்கம் கிடையாது போலிருக்கு!"

மண்டபம் அதிர்ந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை முக்கில் தற்காலிகமாக ரப்பர் கம்பங்களை நட்டு, காலிப் பேருந்து ஒன்றைத் திருப்பிப் பார்ப்பது. திரும்பாவிட்டால் தனிப்பாதை முக்குக்கு ஒரு தெரு முன்னாலேயே நின்றுவிடும். அதாவது, என் மகன் எலும்பை முறித்துக்கொண்ட இடத்துக்கு அது வந்தே சேராது.

யார் ஓட்டுவது? இரண்டு கட்சியும் ஒரே குரலில் என் மருமகளைச் சொன்னது. டிப்போவில் அவளைவிடக் கைதேர்ந்தவர் இல்லை என்று ஓட்டுநர்கள். புருஷன் எங்கள் ஆள் என்று சைக்கிள்காரர்கள். சொன்ன மறுநிமிஷமே இரண்டு கட்சிக்கும் சந்தேகம் வந்துவிட்டது. தலைவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏம்மா, ஒரு கம்பத்தைச் சும்மா தட்டிட்டுப் போயிடேன். பெரிசா ஒண்ணும் வேணாம்" என்றார். டீச்சர் வாசலில் மறித்து, "உங்க வீட்டுக்காரரை நெனச்சுக்கோங்க" என்றாள். இரண்டு பேருக்கும் அவள் "சரி" என்றுதான் சொன்னாள்.

வீட்டில் என் மகன் மென்று விழுங்கினான். "நீ இடிச்சாலும் எனக்கு வருத்தம் இல்ல. புரியுதா?"

"இடிக்கிறதா? நானா?" என்று அவள் பார்த்த பார்வையில் அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த முக்கில் ஈ எறும்பு உட்பட எல்லாரும் கூடியிருந்தோம். மாடிகளில் தலை தலையாக இருந்தது. நட்டு வைத்த கம்பங்களுக்கு நடுவே இருந்த இடத்தைப் பார்த்தேன். ஒரு தடித்த பசு திரும்புவதே கஷ்டம்.

பேருந்து வந்தது. நடக்கிறவனைவிட மெதுவாக வந்தது. முக்கைத் தாண்டியது, இன்னும் தாண்டியது, எதிர்த்த சுவரை முகர்ந்து பார்க்கிற மாதிரி மூக்கை நீட்டியது. போச்சு, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்போது திரும்பினாள். நான் கடலைப் பார்த்திருக்கிறேன், மலையைப் பார்த்திருக்கிறேன், என் மகன் பிறந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்தது இவை எதிலும் சேராது. அவ்வளவு பெரிய இரும்பு, தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றுகிற மாதிரி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. பல்லைக் கடிக்கவில்லை, புருவம் சுருங்கவில்லை. பக்கத்து அறையில் யாரோ பேசுவதைக் கவனிக்கிற முகம். பின்சக்கரம் கம்பங்களை ஒவ்வொன்றாகக் கடந்தது. ஒரு கம்பமும் அசையவில்லை. மாடியில் ஒரு கைக்குழந்தை மட்டும் கொட்டாவி விட்டது.

அப்புறம் கைதட்டினார்கள் பாருங்கள், புறாக்கள் இன்னும் திரும்பி வரவில்லை.

"திரும்பிடுச்சு! திரும்புதுங்க!" என்று இன்ஜினியர் குதித்தார். டீச்சர் என் மகனைப் பிடித்து உலுக்கினாள். சங்கத் தலைவர் மட்டும் அந்தக் கம்பங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவ திரும்பிட்டா. இனிமே மழையில, நெரிசல்ல, தினமும் எல்லாரும் இப்படித் திரும்பணும்னு சொல்லுவாங்க. திரும்பலைன்னா எங்களுக்கு ஓட்டத் தெரியலைம்பாங்க" என்றார். அவர் குரலில் கோபத்தைக் காணோம்.

மருமகள் இறங்கி வந்தாள். இன்ஜினியரிடமும் தலைவரிடமும் ஏதோ பேசினாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "புதுசு, இங்க வா" என்று கூப்பிட்டாள்.

புதுசு என்பது டிப்போவில் கடைசியாகச் சேர்ந்த பெண். ஒரு அடி பின்வாங்கினாள். "அக்கா, நானா? இத்தனை பேர் முன்னாலயா?"

"இடிச்சா இடி. தினமும் எப்படித் திரும்புவியோ அப்படித் திரும்பு."

புதுசு திரும்பினாள். மூன்று கம்பம் சாய்ந்து, பின்சக்கரம் நடைபாதை மேல் ஏறி இறங்கியது. மருந்துக்கடைக்காரர் அலறிக்கொண்டு கடைக்குள் ஓடினார். தலைவர் வாயைத் திறப்பதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள்.

"பாதை வேணாம்னு நான் சொல்லலை. நான் திரும்பினதை வச்சு முடிவு பண்ணாதீங்க. இவ திரும்பற அளவுக்கு முக்கை வெட்டி அகலமாக்குங்க. பாதை முக்கு வரைக்கும் வரட்டும், முக்கைத் தாண்டியும் போகட்டும்."

"முக்கை வெட்டினா என் கடை நடைபாதை போச்சு!" என்று உள்ளேயிருந்து மருந்துக்கடைக்காரரின் குரல் வந்தது.

பாதி போயிற்று. அவர் இன்றைக்கும் எனக்கு மாத்திரை கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுக்கிறார். டிப்போவிலும் கொஞ்ச நாள் சிலர் அவளோடு பேசவில்லை. பாதை வந்தது. என் மகன் அதில் மேயப் போன மனசோடு நிம்மதியாகப் போகிறான்; பக்கத்திலேயே அவள் அவனைத் தாண்டிக்கொண்டு போகிறாள். சிலநாள் கையை ஆட்டுவாளாம். இவன் பார்ப்பதில்லை.

இவ்வளவையும் எழுதி, நேற்று மத்தியானம் இருவருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். மருமகள் காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"அத்தை, ஒரு இடம் தப்பு."

"ஈ எறும்பு வந்ததா?"

"அது உங்க பாடு. ஒரு கம்பமும் அசையலைன்னு படிச்சீங்களே, அது. கடைசிக் கம்பத்தைப் பின்சக்கரம் தொட்டுது. மடங்கி எழுந்திருச்சுது. நான் கண்ணாடியில பார்த்தேன்."

"நான் பார்க்கலையே!"

"இறங்கினதும் இன்ஜினியர்கிட்டயும் தலைவர்கிட்டயும் அதைத்தான் முதல்ல சொன்னேன். நீங்க கைதட்டிக்கிட்டு இருந்தீங்க. அதனாலதான் புதுசைக் கூப்பிட்டேன். அது ரப்பர், எழுந்திருச்சுது." கத்தியின் நுனியால் என் மகனைக் காட்டினாள். "இவர் எழுந்திருக்க மாட்டார். தொட்டுதுன்னே எழுதுங்க."