சாவு வீட்டுக்கு ஏற்ற பாட்டு

மெரெங்கே ஆடுவதற்கு மனசு தேவையில்லை, இரண்டு கால் இருந்தால் போதும் என்பாள் எனெர்சிதா. இடது, வலது, இடது, வலது. சிப்பாய்கள் அணிவகுப்பில் கொஞ்சம் இடுப்பைச் சேர்த்துவிட்டால் அதுதான் மெரெங்கே. சாண்டியாகோ நகரத்துப் பெரிய வீட்டுக்காரர்களுக்கு அது பிடித்துப்போனதில் அவளுக்கு ஆச்சரியமே கிடையாது. மத்தளமும் தகரச் சுரண்டியும் சாக்ஸபோனும் போடுகிற கூச்சலில் யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்க்க வேண்டாம். ஆட்டம் முடிகிறவரை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தால் போதும்.

பச்சாத்தா வேறு. அதில் மூன்று அடி வைத்து நாலாவதில் நிற்க வேண்டும். இடுப்பு லேசாக மேலேறும், கால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும், கிட்டார் அந்த நேரத்தில் தன் குறையைச் சொல்லிக்கொள்ளும். அவளுடைய அண்ணன் எலிஹியோ ஞாயிற்றுக்கிழமைகளில் மளிகைக்கடை வாசலில் அவளோடு ஆடும்போது ஒரே ஒரு தரைக்கல்லைவிட்டு வெளியே போக மாட்டான். "கல்லைத் தாண்டினா அது மெரெங்கே. ஓடிப் புடிக்கிற ஆட்டம்" என்பான். அவன் கொத்தனார். முதல் சம்பளத்தில் தங்கைக்கு ஒரு சின்ன ரேடியோ வாங்கித் தந்தான்.

பதினேழு வயதில் அந்த ரேடியோவோடுதான் அவள் டோன்யா ஒலிம்பியாவின் வீட்டுக்குச் சமையலுக்கு வந்தாள். டோன்யா என்றால் எஜமானியம்மா. அது எழுபத்தாறாம் வருஷம். அந்தக் காலத்தில் பச்சாத்தாவுக்குக் கசப்புப் பாட்டு என்று பெயர். சாராயக் கடையிலும் அதைவிட மோசமான வீடுகளிலும் கேட்கிற பாட்டு. கௌரவமான குடும்பத்தில் அதைப் பற்றிப் பேசவே மூக்கைச் சுளிப்பார்கள். சுளிப்பதற்கென்றே செய்துவைத்தது போன்ற மூக்கு டோன்யா ஒலிம்பியாவுக்கு. எனெர்சிதா துணி துவைக்கும்போது, பின்கட்டில், ரேடியோவைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொள்வாள்.

எண்பத்தொன்றாம் வருஷம் எலிஹியோ சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். ஒன்பது நாள் ஜெபத்துக்கு எனெர்சிதா விடுப்புக் கேட்டாள். ஒருநாள் கிடைத்தது. மூன்றாம் நாள் டோன்யாவின் கல்யாண வெள்ளிவிழா. பதினோரு பேர் கொண்ட மெரெங்கே வாத்தியக் குழு.

"கறுப்பைக் கழட்டிட்டு வெள்ளை ஏப்ரனைப் போடு. வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள் டோன்யா. "மூஞ்சிய கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்க. நாளைக்கு வேணும்னா அழுதுக்கலாம்."

கூடத்தில் இடது வலது, இடது வலது என்று கூரை அதிர்ந்தது. எனெர்சிதா தட்டுகளோடு நாலு தடவை போய்வந்தாள். ஐந்தாவது தடவை வாழைக்காய் வறுத்துக்கொண்டிருக்கும்போது ரேடியோவை மெதுவாகத் திருகினாள். அண்ணனுக்கென்று அவளால் செய்ய முடிந்த ஜெபம் அவ்வளவுதான். பாட்டு பாதியில் இருக்கும்போது டோன்யா ஒலிம்பியா உள்ளே வந்தாள். ரேடியோவைக் கையில் எடுத்தாள்.

"இந்தச் சாக்கடையை என் வீட்டுக்குள்ள விடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

பேட்டரிகளை உருவி மரவள்ளித் தோல் கிடந்த வாளியில் போட்டுவிட்டு, ரேடியோவை மேடையில் வைத்துவிட்டுப் போனாள். டோன்யாவின் எட்டு வயது மகன் ராமிரோ, அவள் ரேடியோவை மேடையில் வைக்கப்போகும் நேரத்தில், கேக்குக்காக வாசற்படியில் வந்து நின்றிருந்தான். அவன் பார்த்தது அம்மா கையில் ரேடியோ இருந்ததை மட்டும்தான்.

எனெர்சிதா வேலையை விட்டுப் போகவில்லை. தங்கைகள் மூன்று பேர் இருந்தார்கள். இரவு வாளியில் கையைவிட்டுப் பேட்டரிகளை எடுத்துத் துடைத்து வைத்தாள், அவ்வளவுதான்.

பிறகு காலம் ஒரு கோமாளித்தனம் செய்தது. நியூயார்க்குக்குப் போன பையன்கள் பச்சாத்தாவை மினுமினுப்பான சட்டை போட்டுக்கொண்டு பாட, உலகமே கைதட்டியது. கைதட்டல் கேட்டதும் பெரிய வீடுகளில் காது திறந்துவிட்டது. டோன்யா ஒலிம்பியா காரில் பச்சாத்தா போட்டாள். விருந்தாளிகளிடம், "நம்ம மண்ணோட ஆன்மா இதுலதான் இருக்கு" என்றாள். மண் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளுக்குத் தோட்டக்காரனைக் கேட்டால்தான் தெரியும்.

பேத்தி கமிலா அதற்கென்று ஒரு பள்ளிக்கே போய்ப் படித்தாள். சான்றிதழ்கூட வாங்கினாள். ஒருநாள் சமையலறையில் வந்து ஆடிக் காட்டினாள். நாலு சுற்று, இரண்டு குனிவு, தலைமுடியை ஒரு வீசு. முட்டைக் கூடை தப்பியது அதிர்ஷ்டம்.

"எப்படி இருக்கு எனெர்சிதா?"

"கோழி புடிச்சாச்சா கண்ணு?"

"ஐயோ, உனக்குப் புரியாது. இதுதான் இப்ப ஸ்டைல். நாலாவது கவுன்ட்ல இடுப்பை இப்படி வெட்டணும்னு மாஸ்டர் சொன்னாரு."

"வெட்டு வெட்டு. எனக்கென்ன, உன் இடுப்பு."

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில், எண்பத்து நாலு வயதில், டோன்யா ஒலிம்பியா போய்ச் சேர்ந்தாள். ஒன்பதாம் நாள் ஜெபத்தன்று காலையில் ராமிரோ சமையலறைக்கு வந்தான். நாற்பது வயது, முன்வழுக்கை, நல்லவன்தான். யோசித்துப் பார்க்காத நல்லவன்.

"எனெர்சிதா, ஜெபம் முடிஞ்சதும் கிட்டார்காரர் ஒருத்தர் பச்சாத்தா வாசிக்கிறாரு. அம்மாவுக்கு அவ்வளவு பிடிக்குமே. அதுக்கு முன்னாடி நீ ரெண்டு வார்த்தை பேசணும்."

"நான் என்னத்தைப் பேசுறது டோன் ராமிரோ?"

"நீயும் அம்மாவும் சமையலறையில சேர்ந்து ரேடியோ கேப்பீங்களே, அது. நான் சின்ன வயசுல பாத்திருக்கேன். அம்மா ரேடியோவைக் கையிலேயே வச்சிருந்தாங்க. பிஷப் வர்றாரு, எல்லாரும் கேட்டா நெகிழ்ந்துடுவாங்க." கதவருகே நின்று சேர்த்துக்கொண்டான்: "அப்புறம், அந்தப் பின்னறை இருக்கே, அது உன் கடைசி காலம்வரைக்கும் உனக்குத்தான். நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவன் போனபின் எனெர்சிதா அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்தாள். முப்பத்தேழு வருஷம் இருந்த அறை. மழைக்கு ஒழுகாத அறை. இரண்டு வார்த்தை பொய் சொன்னால் அது அவளுக்கு. எலிஹியோவுக்காக வைத்த அந்த அரைப் பாட்டை மட்டும் டோன்யா ஒலிம்பியாவின் பேரில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விலை. பின்னறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்து, இஞ்சித் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

சாயங்காலம் ஜெபம் முடிந்தது. கூடம் நிறையக் கறுப்புத் துணி, விலையுயர்ந்த வாசனை. கிட்டார்காரர் முறுக்காணியைத் திருகிக்கொண்டு காத்திருந்தார். ராமிரோ அவளை முன்னால் ஒரு நாற்காலிக்கு அழைத்துவந்தான். எனெர்சிதா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டோன்யா ஒலிம்பியா ரேடியோவைக் கையில வச்சிருந்தது நெசந்தான்" என்றாள். "பேட்டரியை உருவுறதுக்கு வச்சிருந்தாங்க. எங்க அண்ணன் செத்து மூணாம் நாள். அவனை நெனச்சு ஒரு பச்சாத்தா கேட்டுட்டிருந்தேன். சாக்கடைன்னு சொல்லிப் பேட்டரியைக் குப்பையில போட்டாங்க."

யாரோ இருமினார்கள். ராமிரோ, "எனெர்சிதா..." என்றான்.

"இருங்க, முடிச்சுடுறேன். அன்னிக்கு இந்தக் கூடத்துல பதினோரு பேர் மெரெங்கே வாசிச்சாங்க. டோன்யாவுக்குப் பிடிச்சது அதுதான். அதனால, ஐயா," என்று கிட்டார்காரர் பக்கம் திரும்பினாள், "பச்சாத்தாவை விட்டுடுங்க. அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி நல்லதா ஒரு மெரெங்கே வாசிங்க."

கமிலா எழுந்தே விட்டாள். "உனக்கென்ன பைத்தியமா? சாவு வீட்டுல யாராவது மெரெங்கே வாசிப்பாங்களா?"

"அதையேதான் கண்ணு நானும் முப்பத்திரண்டு வருஷமா உங்க பாட்டிகிட்ட கேக்கணும்னு இருந்தேன்."

கிட்டார்காரர் கிட்டாரை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்தார். தேநீர்த் தட்டு வாசற்படியில் ஆறிக்கொண்டிருந்தது. வழக்கமாக அதை எடுத்துவருகிறவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வேறு யாருக்கும் எழுந்துபோய் எடுக்கத் தோன்றவில்லை. காலையிலேயே கட்டிவைத்த பை பின்னறைக் கட்டிலின்மேல் இருந்தது, ரேடியோ அதற்குள் எல்லாவற்றுக்கும் மேலாக.