பல்லை அரம் தின்ற நாள்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஒருத்தர் கையையும் எதிர்பார்க்காமல் தஞ்சாவூரில் இரண்டு அறுவை மில் வைத்தேன். புயலில் கூரை பறந்த வருஷம்கூட ரம்பம் நிற்கவில்லை. ஆறு அறை வைத்து மாடி வீடு கட்டினேன். பிள்ளைகள் சிங்கப்பூரில், அதனால் ஓர் அறையில் படுத்துக்கொண்டு ஐந்தைப் பூட்டி வைத்திருக்கிறேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயது. திருவாரூர் சாலையில் அப்பாவுக்கு ஒரு சின்ன மில் இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டோடு இருந்து ரம்பம் ஓட்டினார். வட்ட ரம்பத்தின் பற்கள் தனித்தனித் துண்டுகள். தேய்ந்தால் கழற்றி வேறு மாட்டலாம். மாட்டும்போது மாமா என்னைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்வார். எனக்குப் பேச்சுத் துணையும் அவர் ஒருவர்தான்.

பல் வாங்குவதை மட்டும் அப்பா யாரிடமும் விடமாட்டார். புதிதாக ஒரு கடையைப் பிடித்து, மற்ற மில்காரர்களையும் அங்கேயே வாங்கச் சொல்லியிருந்தார். முதல் பெட்டி நன்றாக உழைத்தது. இரண்டாவது பெட்டிப் பல் ஒரு வாரம் தாங்கவில்லை. மூன்றாவது பூவரசங்கட்டைக்கே மழுங்கியது, புளியமரத்தில் முறிந்தது. அப்பா கடையைக் குறை சொல்லவில்லை. சாலையோர மரத்தில் ஆணி இருக்கும், தடவிப் பார்க்காமல் ஏற்றினால் பல் போகாமல் என்ன செய்யும் என்று மாமாவைத்தான் சொன்னார்.

“இனிமே பாத்து ஏத்துறேன் மச்சான்” என்பார் மாமா. அதோடு சரி. ஆனால் ஒவ்வொரு கட்டையையும் அவர் இரண்டு தரம் தடவிவிட்டுத்தான் ஏற்றினார். கூடவே நின்ற எனக்குத் தெரியாதா?

ஒரு நாள், மரம் கொண்டுவந்த விவசாயிகளும் வேலையாட்களும் பார்த்துக்கொண்டிருக்க, நாளையிலிருந்து ரம்பத்தைத் தொடாதே என்று அப்பா மாமாவிடம் சொல்லிவிட்டார். மாமா போய்விடுவாரே என்று சாமான் பெட்டிக்கு ஓடினேன். பழைய பல் ஒன்று, புதுசு ஒன்று, ஓர் அரம் எடுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன். பழசில் அரம் வழுக்கியது. புதுசில் தேய்த்தேன், வெல்லத்தைச் சுரண்டியதுபோல் தூள் கொட்டியது.

“ஆணி இல்லப்பா. நீங்க வாங்குன பல்லுதான் மட்டம்.”

ஒரு விவசாயி சிரித்துவிட்டார். “அடுத்த தடவ பல்லு வாங்க இவனயே அனுப்புங்க மொதலாளி.”

அப்பா அடிக்கவில்லை. அரத்தை வாங்கித் தானும் ஒரு தரம் தேய்த்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மாமாவே ஓட்டட்டும் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன்.

அன்று சாயங்காலமே மாமா பையோடு நாகப்பட்டினம் பஸ்ஸுக்கு நின்றார்.

“எனக்குத் தெரியாதாடா மாப்ள? மொதப் பல்லு ஒடஞ்ச அன்னிக்கே நானும் அரம் போட்டுப் பாத்தேன். நாலு பேருக்கு முன்னால ஏன் சொன்ன?” என்று கேட்டுவிட்டு ஏறிவிட்டார். திரும்பி வரவே இல்லை.

தப்பில்லை என்று ஆனவர் எதற்குப் போக வேண்டும்? தன்னால் அக்காள் புருஷன் சபையில் தலைகுனிந்த பிறகு அந்த வீட்டில் கைநனைக்க முடியாது என்பது பத்து வயதுக்கு எட்டவில்லை. மறுநாள் மத்தியானச் சோற்றை மரத்தூள் மேட்டில் தனியாக உட்கார்ந்து தின்றேன். மாப்ள என்று கூப்பிட ஆளில்லை.

அப்போது தவழ்ந்துகொண்டிருந்த என் தம்பி, இப்போது கல்யாண வீடுகளில் கதை சொல்கிறான்: பல் மட்டம் என்று கண்டுபிடித்தது அப்பாவாம், அப்பாவின் கோபத்தால்தான் மாமா போனாராம். இரண்டும் தப்பு. கண்டுபிடித்தவர் மாமா. சபையில் போட்டு உடைத்தவன் நான். மாமா போனதும் என்னால்தான். இனி சொல்லும்போது, மாமா போனதற்குக் காரணம் சொல்கிற இடத்தில் அப்பா பேரை எடுத்துவிட்டு என் பேரைப் போட்டுச் சொல்லட்டும்.